இரண்டு ஆழாக்கு என்ஜினும் என் சீட்டுப் பணமும்

போன தை மாதம் நான் கட்டிவந்த சீட்டு முடிந்து 40,000 ரூபாய் கைக்கு வந்தது. மாதம் 2,000 வீதம் 20 மாதம் கட்டியது. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்த கூலி, பழைய பேப்பர் போட்ட காசு, மளிகைக் கணக்கில் பிடித்த மிச்சம், இப்படிச் சேர்ந்த பணம். அதற்கு மனசுக்குள் ஒரு செலவு வைத்திருந்தேன். என்ன செலவு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பணம் வந்தது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமையே என் பெரியவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வெண்டைக்காய் நறுக்கித் தரட்டுமா என்றான். எனக்கு அப்போதே சந்தேகம்தான்!

"அம்மா, என் வண்டிக்கு ஒரு வேலை செய்யணும். 33,000 ஆகும். சம்பளத்தில மாசாமாசம் திருப்பித் தந்துடறேன்."

அவனுக்கு 23 வயது. சரவணம்பட்டிப் பக்கம் வேலை. எங்கள் வீடு வடவள்ளி. போக வர ஏறக்குறைய 35 கிலோமீட்டர். இரண்டு வருஷத்துக்கு முன், முதல் வேலை கிடைத்த கையோடு ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350 ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினான். 2022ஆம் வருஷத்து வண்டி. வாங்கின புதிதில் தினமும் அதைத் துடைத்துத் துடைத்தே என் பழைய காட்டன் புடவை இரண்டைத் தீர்த்தான்.

வேலை என்று அவன் சொன்னது ரிப்பேர் இல்லை. சைலன்சரை எடுத்துவிட்டு வேறு சைலன்சர், 14,000. காற்று அதிகம் இழுக்கும் ஏர் ஃபில்டர், 5,500. பெட்ரோல் அளவைக் கூட்டிக் கொடுக்கும் கறுப்புப் பெட்டி ஒன்று, 11,000. மாட்டுகிற கூலி 2,500. இத்தனையும் செய்தால் என்ஜின் சக்தி கூடுமாம்.

"இப்ப இருக்கிற சக்திக்கு என்ன குறை கண்ணு?" என்றேன்.

"மருதமலையில பார்த்தீங்கல்ல?" என்றான்.

பார்த்தேன். கார்த்திகை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை என்னைப் பின்னால் உட்கார வைத்து மலைப்பாதையில் ஏறினான். ஒரு வளைவில் வண்டி முக்கியது, முனகியது, நின்றேவிட்டது. நான் இறங்கிக்கொண்டேன். பின்னால் ஸ்கூட்டரில் வந்த இரண்டு பெண்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். நான் அதை அன்றே மறந்துவிட்டேன். அவன் மறக்கவில்லை போலிருக்கிறது.

வீட்டில் மூன்று கட்சி

அவரிடம் சொன்னேன். "உன் பணம், உன் இஷ்டம்" என்று பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார். இந்த வீட்டில் கஷ்டமான முடிவுகள் எல்லாம் இப்படித்தான் என் பக்கம் வந்து சேரும். என் மாமியாருக்கோ சத்தம்தான் பயம். பக்கத்துத் தெருவில் ஒரு பையன் சைலன்சர் மாற்றிய வண்டியை இரவு பதினோரு மணிக்கு ஓட்டி வரும்போது அத்தை திடுக்கிட்டு எழுந்து நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். அவருக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. எதிர்வீட்டில் மூன்று மாதக் குழந்தை வேறு.

எனக்கு வந்த முதல் பதில் "முடியாது" என்பதுதான். நான் பத்தாவது வரை படித்தவள். என்ஜினைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அதையே அவனும் கேட்டுவிட்டான். "உங்களுக்கு என்னம்மா தெரியும்? சும்மா வேண்டாம்னு சொல்றீங்க." சுருக்கென்றது. ஆனால் யோசித்தால் அவன் சொன்னதும் நிஜம்தானே? தெரியாமல் வேண்டாம் என்பதும் தெரியாமல் சரி என்பதும் ஒன்றுதான். தெரிந்துகொள்ளலாம் என்று கிளம்பினேன்.

மெக்கானிக் தம்பி சொன்ன பாடம்

எங்கள் பக்கத்தில் ஒரு மெக்கானிக் தம்பி இருக்கிறார். செட்டிபாளையத்தில் இருக்கிறதே கரி மோட்டார் ஸ்பீட்வே, அந்தப் பந்தய மைதானத்தில் ஓடுகிற வண்டிகளுக்குச் சில வருஷம் வேலை பார்த்தவர். மகனையும் வண்டியையும் கூட்டிக்கொண்டு அவர் பட்டறைக்குப் போனேன். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க்கா" என்றார்.

"தம்பி, 33,000 போட்டா என்ன கிடைக்கும்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

அவர் சொன்னதை என் கணக்கில் எழுதுகிறேன். இந்த வண்டியின் என்ஜின் 349 சிசி. சிசி என்பது சிலிண்டருக்குள் பிஸ்டன் ஏறி இறங்குகிற இடத்தின் கொள்ளளவு. 349 சிசி என்றால் 349 மில்லி. நம் சமையல்கட்டு அளவில் ஏறக்குறைய இரண்டு ஆழாக்கு. அந்த இரண்டு ஆழாக்குப் பாத்திரத்தில் காற்றையும் கொஞ்சம் பெட்ரோலையும் இழுத்து, அமுக்கி, பற்ற வைத்து, வெடித்த வேகத்தில் வண்டியைத் தள்ளி, புகையை வெளியே விடுகிறது. இதுதான் என்ஜின். இதிலிருந்து கம்பெனி எடுத்துக் கொடுக்கும் சக்தி 20.2 குதிரைத்திறன்.

ஃபில்டரை மாற்றினால் காற்று சுலபமாக உள்ளே வரும். சைலன்சரை மாற்றினால் புகை சுலபமாக வெளியே போகும். காற்று மட்டும் கூடி பெட்ரோல் கூடாவிட்டால் என்ஜின் சூடாகும். அதனால் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்க அந்தக் கறுப்புப் பெட்டி. மூன்றையும் சேர்த்துத்தான் போட வேண்டும். சைலன்சரை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் கூடுவது சத்தம்தானாம்.

"சரி, எவ்வளவு சக்தி கூடும்?"

"கடைக்காரங்க 10, 15 சதவீதம்னு சொல்லுவாங்க. 10ன்னே வெச்சுக்குங்க. 20ல 2 கூடும்."

"33,000 ரூபாய்க்கு ரெண்டு குதிரையா?"

"ஆமாங்க்கா. பாத்திரம் அதே ரெண்டு ஆழாக்குதானே? அதில எவ்வளவு சோறு வடிக்க முடியும்? இதுக்கு மேல வேணும்னா பாத்திரத்தையே மாத்தணும். பிஸ்டன், சிலிண்டர் எல்லாம் பெருசாப் போடணும். அப்புறம் கிளட்ச் தாங்காது, செயின் தாங்காது, பிரேக் பத்தாது. ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு."

இது எனக்கு நன்றாகவே புரிந்தது. முன்பு எங்கள் வீட்டு கிரைண்டரில் மாவு ஆட்ட நேரமாகிறது என்று பெரிய மோட்டாராகப் போட்டுக்கொண்டேன். கோயமுத்தூரில் கிரைண்டருக்கா பஞ்சம்? கல் வேகமாகச் சுற்றியது. மாவு சூடாகி இட்லி கல்லாக வந்தது. ஆறு மாதத்துக்குள் பெல்ட் இரண்டு தடவை அறுந்தது. கடைசியில் பார்த்தால் கோளாறு மோட்டாரில் இல்லை. கல்லில் கொத்து தேய்ந்து போயிருந்தது. கொத்தி வைத்ததும் பழைய மோட்டாரே போதுமாக இருந்தது!

சட்டமும் செலவுக் கணக்கும்

மெக்கானிக் தம்பி இன்னும் சில விஷயங்கள் சொன்னார். வீட்டில் பிள்ளைகள் இருக்கிற எல்லாருமே தெரிந்துகொள்ள வேண்டியவை.

2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கிற புது வண்டிகள் எல்லாம் பிஎஸ் 6 என்ற புகை விதிப்படி வருகின்றன. புகையில் உள்ள விஷத்தைக் குறைக்கிற கருவி சைலன்சர் குழாய்க்குள்ளேயே இருக்கிறது. வெளியில் வாங்கி மாட்டும் சைலன்சர்கள் பலவற்றில் அது கிடையாது. அந்தப் புகை எங்கே போகும்? பின்னால் வருகிற ஸ்கூட்டரில் முன்னால் நிற்கிற குழந்தையின் மூக்குக்குத்தான் போகும்.

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதைத் தெளிவாகச் சொன்னது. அதே 2019இல் சட்டத்தைத் திருத்தி அபராதங்களை ஏற்றினார்கள். அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. சத்தமும் புகையும் அளவு மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. மூன்று மாதம் லைசென்ஸும் போகலாம். மாற்றியதைச் சொல்லாமல் விட்டால், விபத்து நேரும்போது இன்ஷூரன்ஸ்காரர்கள் பணம் தர மறுக்கலாம். கியாரண்டி மிச்சம் இருக்கிற வண்டியானால் அதற்கும் ஆபத்து.

பெட்ரோல் கணக்கை நானே போட்டேன். மாதம் 26 நாள், நாளைக்கு 35 கிலோமீட்டர் என்றால் 910 கிலோமீட்டர். இப்போது லிட்டருக்கு 35 கிலோமீட்டர் தருகிறது என்றால் 26 லிட்டர். பெட்டி போட்டபின் 30க்கு இறங்கினால் 30 லிட்டருக்கு மேல். மாதம் 4 லிட்டர் கூடுதல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் 400 ரூபாய். வருஷத்துக்கு ஏறக்குறைய 5,000! அதாவது 33,000 போட்டு முடிந்த பிறகும் மாதாமாதம் மொய் எழுத வேண்டும்.

"அப்ப இது யாருக்குத்தான் தேவை தம்பி?" என்றேன்.

"பந்தயத்துக்குப் போறவங்களுக்குங்க. செட்டிபாளையத்திலயோ, மெட்ராஸ் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்லயோ ஓட்டறப்ப அரை செகண்டு கூடப் பெருசு. அந்த வண்டிங்க ரோட்டுக்கே வராது. அவங்களும் முதல்ல டயருக்கும் பிரேக்குக்கும்தான் காசு போடுவாங்க. அப்புறம் ஓட்டப் பழகறதுக்குப் போடுவாங்க. என்ஜின் கடைசிலதான்."

என் மகன் இதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் நின்றான். முகம் சுண்டிப் போயிருந்தது. எனக்கு ஜெயித்த மாதிரி இல்லை, பாவமாகத்தான் இருந்தது. "ஆனா தம்பி, மருதமலையில வண்டி நின்னது நிஜம். அதுக்கு என்ன பண்றது?" என்று நானே கேட்டேன்.

அரைச் சுற்றில் நின்ற சக்கரம்

மெக்கானிக் தம்பி வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் வேகமாகச் சுற்றிவிட்டார். அது அரைச் சுற்று சுற்றி நின்றது. "பார்த்தீங்களா? பிரேக் மிதிக்காமயே பிடிச்சுக்கிட்டு இருக்கு" என்றார். டிஸ்க் பிரேக்கில் அழுக்கு ஏறி, மிதித்த பிரேக் முழுசாக விடுபடாமல் உரசிக்கொண்டே இருந்ததாம். ஏர் ஃபில்டரை எடுத்துக் காட்டினார். ஆறு மாதம் கழுவாத சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் மாதிரி இருந்தது. செயின் வறண்டு, பல் சக்கரம் தேய்ந்து கூராகியிருந்தது. பின் டயரில் கோடுகளே இல்லை. காற்றும் குறைவு.

"கடைசியா எப்ப சர்வீஸ் விட்டே கண்ணு?" என்றேன். அவன் மேலே பார்த்தான், கீழே பார்த்தான். ஒன்றரை வருஷமாகிறதாம்! மேலே துடைத்தது எல்லாம் பெட்ரோல் டேங்கை மட்டும்தான்.

வேலை முடித்துக் கொடுத்த கணக்கு இது. செயினும் பல் சக்கரங்களும் 3,200. என்ஜின் ஆயில் 1,450. பிரேக் பேட் 700. ஏர் ஃபில்டர் 400. பிளக் 150. கூலி 900. ஆக 6,800. பின் டயர் 3,900. மொத்தம் 10,700 ரூபாய்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி மருதமலை. அதே மகன், அதே அம்மா, அதே எடை. என் எடையைக் கேட்காதீர்கள்! அந்த வளைவு வந்தபோது நான் முருகனைக் கூப்பிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் வளைவு பின்னால் போயிருந்தது. வண்டி முனகக்கூட இல்லை. சந்நிதியில் அவன் என்னை விட அதிக நேரம் கண்மூடி நின்றான்.

எண்ணிப் பார்த்த ஒரு வாரம்

அதோடு ஆசை தீர்ந்ததா என்றால் இல்லை. பிள்ளைகள் ஆசை அப்படி ஒரே நாளில் தீருமா? "வண்டி நல்லாத்தாம்மா போகுது. ஆனா இன்னும் கொஞ்சம் பவர் இருந்தா ஆபீசுக்குச் சீக்கிரம் போலாமே" என்றான்.

நான் சண்டை போடவில்லை. "சரி கண்ணு, ஒரு வாரம் ஒண்ணு மட்டும் எண்ணிட்டு வா. ஆக்சிலேட்டரை முழுசா, கடைசி வரைக்கும் திருகறது ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு பாரு" என்றேன். அந்த 20 குதிரையும் முழுசாக வெளியே வருவது என்ஜின் நிமிஷத்துக்கு 6,100 சுற்று சுற்றும்போதுதான் என்று மெக்கானிக் தம்பி சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்தே இந்த யோசனை எனக்கு.

சனிக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது அவனே சொன்னான். "திங்கள் ரெண்டு தடவை. செவ்வாய் ஒரு தடவை. புதன், வியாழன் ஒண்ணுமே இல்லை. வெள்ளி ஒண்ணு. சனி இல்லை." அவ்வளவும் சில விநாடிகள்தான். மற்ற நேரமெல்லாம் சிக்னல், பஸ்ஸுக்குப் பின்னால், குழிக்கு ஒதுங்கல். இருக்கிற 20 குதிரையில் முக்கால்வாசி லாயத்திலேயே படுத்திருக்கின்றன. இதில் இன்னும் இரண்டு வாங்கி எங்கே கட்டுவது?

அவனே சிரித்துவிட்டான். "ஆனா சத்தம் நல்லா இருக்கும்மா" என்றான். அதை மட்டும் விட மனசில்லை. ஆசை என்றால் ஆசைதான், அதற்குக் காரணம் சொல்லத் தெரியாது. நான் மட்டும் என்ன, பட்டுப்புடவைக் கடையில் காரணத்தோடா நிற்கிறேன்?

என் செலவு

மீதிப் பணத்தில் 3,300 ரூபாய்க்கு ஐஎஸ்ஐ முத்திரை உள்ள நல்ல ஹெல்மெட்டாக இரண்டு வாங்கினோம், அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஆக 14,000 ஆயிற்று. மிச்சம் 26,000.

அன்று ராத்திரி சாப்பிடும்போதுதான் அவன் கேட்டான். "ஏம்மா, எப்பவும் இடது பக்கமே மென்னு சாப்பிடறீங்க?"

இப்போது சொல்கிறேன். சீட்டுப் பணத்துக்கு நான் வைத்திருந்த செலவு அதுதான். வலது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டு வருஷமாகச் சொத்தை. வலிக்கும்போது கிராம்பு வைத்து அடக்கிக்கொள்வேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் 33,000 கேட்டபோது, பல்லை இன்னும் ஒரு வருஷம் தள்ளிப் போடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பொய் சொல்வானேன்? பணத்தை எடுக்கப் பீரோ சாவியைக்கூடத் தேடினேன். அத்தை சத்தத்தைப் பற்றிப் புலம்பவில்லை என்றால் கொடுத்தே இருப்பேன்.

அவன் தட்டை வைத்துவிட்டு எழுந்தான். "ஒன்றரை வருஷம் சர்வீஸ் விடலைன்னு என்னைத் திட்டினீங்களே?" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

மறுநாள் லீவு போட்டு அவனே அதே வண்டியில் பல் டாக்டரிடம் கூட்டிப் போனான். வேர் சிகிச்சை செய்து மேலே உறை போட நாலு தடவை போக வேண்டியிருந்தது. 9,500 ரூபாய். முன்பே வந்திருந்தால் அடைத்தே அனுப்பியிருப்பேன், செலவு வெகுவாகக் குறைந்திருக்கும் என்றார் டாக்டரம்மா. பாக்கி 16,500ஐ போஸ்ட் ஆபீசில் போட்டுவிட்டேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் நாளைக்கு இப்படி ஏதாவது கேட்கலாம். உடனே திட்டாதீர்கள், உடனே கொடுக்கவும் வேண்டாம். முதலில் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின் சக்கரத்தைச் சுற்றிவிடச் சொல்லுங்கள். புதுசாக எதையும் வாங்குவதற்கு முன், இருப்பதில் எவ்வளவு வீணாகிறது என்று தெரிந்துவிடும். அப்படியே நீங்களும் கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் இரண்டு பக்கமும் மென்று சாப்பிடுகிறேன். முறுக்குக்கூட!